ஆயரை உலுக்கிய கேள்வி

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, காய்ச்சலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த தாளாளர் அம்மையார் அவர்களே, பெஞ்சு சுமந்து ஒலிபெருக்கி கட்டிய தம்பிமார்களே, வணக்கம்.

ஆயர் ஜான் வில்லியம் கோலென்சோவின் கணிதம், இறையியல், தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களுக்காக அவர் நடத்திய போராட்டம் ஆகிய மூன்றையும் பேச வந்தேன். 1814இல் கார்ன்வாலில் பிறந்தவர். அவருடைய எண்கணித நூல் இங்கிலாந்துப் பள்ளிகளில் பாடமாக இருந்தது. 1853இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், ஆயரானார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியோர். இதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூலு மொழி கற்று, அகராதி தொகுத்து, வேதாகமத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். உதவிக்கு வில்லியம் இங்கிடி என்ற ஜூலு கிறிஸ்தவர். நோவா பேழை என்ற பெரிய மரக்கலத்தில் உயிர்களைக் காத்த வெள்ளத்தின் கதை வந்தது. இங்கிடி நிமிர்ந்து கேட்டார்: ஐயா, இதெல்லாம் உண்மையா? வெப்ப நாட்டு விலங்கும் குளிர் நாட்டு விலங்கும் ஜோடி ஜோடியாக வந்து பேழையில் ஏறினவா? அத்தனைக்கும் நோவாவா இரை சேர்த்தார்? புலால் தின்னும் மிருகங்களுக்கு எதைப் போட்டார்?

எண்ணிப் பாருங்கள்! ஊழியம் செய்ய வந்த ஆயர் அவர். கேட்டவரோ அவரிடம் வேலை செய்பவர். கேட்டவரின் வாயை ஆயர் அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. அப்போதைக்கு ஒரு சமாதானம் சொன்னார். ஆனால் நிலவியல் படித்த மனம் உறுத்தியது. ஆண்டவர் பெயரால் பொய் பேசலாமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். பழைய கணக்காசிரியர் விழித்துக்கொண்டார்! எகிப்திலிருந்து ஆறு லட்சம் ஆண்களோடு புறப்பட்ட இஸ்ரவேல் சபை முழுவதும், வழிபாட்டுக்குரிய ஆசரிப்புக் கூடார வாசலில் எப்படி நின்றிருக்கும் என்று அளந்து பார்த்து, 1862இல் வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். தீர விசாரிப்பதே மெய்!

கேப்டவுன் பேராயர் ராபர்ட் கிரே இத்தகைய கருத்துகளுக்காக 1863இல் அவரைப் பதவிநீக்கினார். 1865இல் பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அது செல்லாது என்றது. முடிவற்ற நரக தண்டனையை அவர் மறுத்ததைப் பேச நேரமில்லை. ஆனால் 1879இல் ஆங்கிலேயர் ஜூலு நாட்டின்மேல் படையெடுத்தபோது எதிர்த்து நின்றவர் இதே ஆயர். ஜூலுக்கள் அவரைச் சோபான்டு, மக்களின் தந்தை, என்று அழைத்தார்கள்.

இங்கிடிக்குக் கிடைத்த அந்தச் செவி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா? சிறுவயதில் இதே போன்றொரு கேள்விக்காக நான் ஒரு பாடவேளை முழுவதும் பெஞ்சுமேல் நின்றேன். அதனால்தான் கேட்கிறேன்: பள்ளிதோறும் வாரம் ஒரு மணி நேரம், பிள்ளைகள் கேட்க ஆசிரியர் செவிகொடுக்கும் கேள்வி நேரம் வேண்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது. தாளாளர் அம்மையார் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள். அடுத்தது போதகர் ஐயா.