கோணம் எந்த வரப்பிலிருந்து?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் ஒன் இயற்பியல் வகுப்பில் நான் நடத்தும் இடப்பெயர்ச்சியையும் அதன் கூறுகளையும் பற்றி இன்று பேசுவோம்.

மார்கழி மாதம் என்று வைத்துக்கொள்வோம். சம்பா கதிர் வந்து நிற்கிறது. நாம் வயலின் தென்மேற்கு மூலையில், பம்புசெட்டுப் பக்கம் இருக்கிறோம். வடகிழக்கு மூலையில் மடை உடைந்துவிட்டது என்று பக்கத்து வயல்காரர் குரல் கொடுக்கிறார். எவ்வளவு அவசரம் என்றாலும் கதிர் வந்த பயிருக்குள் குறுக்கே இறங்கி ஓட யாருக்கும் மனசு வராது. வரப்போடு கிழக்கே 40 மீட்டர், அப்புறம் வடக்கே 30 மீட்டர். நடந்தது 70 மீட்டர். ஆனால் புறப்பட்ட மூலையிலிருந்து சேர்ந்த மூலைக்குக் கயிறு பிடித்தால் 50 மீட்டர்தான் வரும். அந்த நீளமும் திசையும் சேர்ந்ததுதான் இடப்பெயர்ச்சி. கிழக்கே 40, வடக்கே 30 என்பவை அதன் கூறுகள்.

இதைச் சொன்னதும் பிளஸ் ஒன் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "நாற்பதும் முப்பதும் எழுபது ஆச்சே, மிச்சம் இருபது எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. கரும்பை நறுக்குவதுபோல ஐம்பதை நாம் இரண்டு துண்டாக்கவில்லை. அதே இடப்பெயர்ச்சியால் கிழக்கே எவ்வளவு தள்ளி வந்தோம், வடக்கே எவ்வளவு தள்ளி வந்தோம் என்று தனித்தனியாகக் கேட்கிறோம், அவ்வளவுதான். இரண்டு வரப்பும் செங்குத்தாகச் சந்திப்பதால் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும்: 1600, 900, மொத்தம் 2500. அதன் வர்க்கமூலம் 50.

இனி கோணம். பாடத்தில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இதுதான். கிழக்கே போகும் வரப்புக்கும் கயிற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 37 டிகிரி. ஒரு கோணத்துக்கு, மொத்த நீளத்தில் எத்தனை பங்கு ஒவ்வொரு கூறுக்கும் போகிறது என்று சொல்லும் எண்கள்தான் கொசைனும் சைனும். கொசைன் 37 என்பது 0.8, ஐம்பதால் பெருக்கினால் 40. சைன் 37 என்பது 0.6; பெருக்கினால் 30. சரியாக வருகிறது. உடனே "கிழக்குக்குக் கொசைன், வடக்குக்கு சைன்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதே கணக்கை "வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 53 டிகிரி" என்று மாற்றிக் கொடுத்தால், கொசைன் 53-ஐப் போட்டு, கிழக்கே 30 என்று எழுதி வைக்கிறார்கள்.

விவசாய வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் எழுந்து, "சார், கோணம் எந்த வரப்பிலேருந்து?" என்று கேட்டாள். அந்த வருஷம் முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்த கேள்வி வேறு இல்லை. எந்தக் கோட்டிலிருந்து கோணத்தை அளக்கிறோமோ, அந்தக் கோட்டின் மேல் விழும் கூறுக்குத்தான் கொசைன். மற்றதற்கு சைன்.

கொஞ்சம் பெரிய வயலாகப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து கும்பகோணம் மகாமகக் குளம் சுமார் 27 கிலோமீட்டர் கிழக்கே, 19 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. நேர்கோட்டில் 33. பஸ்ஸில் போனால் வளைந்து வளைந்து 40 கிலோமீட்டர் ஆகிறது. திரும்பி வரும்போது கூறுகள் இரண்டுக்கும் மைனஸ் குறி. போக வர 80 கிலோமீட்டர் பயணம், இடப்பெயர்ச்சி பூச்சியம்.

கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இது சித்திரை முதல் வாரம். நம் தஞ்சைப் பக்கம் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாட்கள். இந்திய நேரத்துக்குரிய தீர்க்கரேகை நமக்குக் கிழக்கே இருப்பதால், உச்சிவேளை 12 மணிக்கு வராது, 12.15-ஐ ஒட்டி வரும். அப்போது பத்தடி மூங்கில் ஒன்றைத் தரையிலிருந்து 60 டிகிரிக்குச் சாய்த்துப் பிடியுங்கள். நிழலை அளந்தால் ஐந்தடி, அதுதான் தரையின் மேல் விழும் கூறு. நுனியிலிருந்து தரைக்குத் தூக்குக்குண்டு விட்டால் எட்டே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. இன்னும் சாய்த்தால் நிழல் நீளும், உயரம் குறையும். மூங்கிலை நட்டமாக நிமிர்த்துங்கள், நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். புத்தகத்தில் கொசைன் 90-க்கு நேரே பூச்சியம் என்று போட்டிருக்கிறதே, அது இந்த நிழல்தான்.

வணக்கம்.