வயிற்றில் ஆபரேஷன், வாயில் என்ன பார்க்கிறார்?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் யார் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள், சர்ஜன் பெயரைப் பட்டென்று சொல்வார்கள். மயக்க மருந்து கொடுத்தவர் பெயர் தெரியாது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒருவர் வந்து, "வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க, மேலே ஃபேனைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அது பலருக்கு ஞாபகம் இருக்கும். பித்தப்பையில் கல் என்று வந்தால் வாயில் என்ன பார்க்கிறார் இவர் என்று துணைக்கு இருப்பவர்கள் சிரிப்பதும் உண்டு.

அவர் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். நாளைக்கு உங்கள் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைக்க வேண்டும். அது சுலபமாகப் போகுமா, மல்லுக்கட்ட வேண்டியிருக்குமா?

முழு மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்தவும் மருந்து கொடுப்போம். அது வேலை செய்ததும் மூச்சு நின்றுவிடும். பயப்படாதீர்கள், அது தெரிந்தே செய்வதுதான். அந்த நேரத்தில் உங்களுக்காக நாங்கள் மூச்சு விடுகிறோம். லாரிங்கோஸ்கோப் என்ற கருவியால் நாக்கை ஒதுக்கி, குரல்வளையைக் கண்ணால் பார்த்து, டியூபை உள்ளே வைக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அரை நிமிட வேலை. சிலருக்கு மட்டும் நாக்கை எப்படி ஒதுக்கினாலும் குரல்வளை கண்ணில் படாது. கையில் இருப்பதோ சில நிமிடங்கள். மயங்கும் முன்பு முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறோமே, அது அந்தச் சில நிமிடங்களைக் கொஞ்சம் நீட்டிக்கத்தான். உடல் பருத்தவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அந்த நேரம் இன்னும் குறைவு.

தொண்டை அடைபடுவது என்றால் என்ன என்று சொல்ல, எனக்கு எப்போதும் நெய்யூர் ஞாபகம்தான் வரும். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த சோமர்வெல் டாக்டரைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அது முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த மனுஷன், நெய்யூரில் ஆபரேஷனுக்குக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போனார். ஜூன் 4ஆம் தேதி, நார்ட்டன் என்ற நண்பரோடு, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறுகிறார். தொண்டை புண்ணாகி மூச்சு முட்டுகிறது. "நீ போ" என்று நண்பரை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாக 8,572 மீட்டர் வரை போய்த் திரும்பினார். அதுவும் ஆக்சிஜன் இல்லாமல்!

நான் சொல்ல வந்தது இறங்கும்போது நடந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது. சோமர்வெல்லின் தொண்டையில் எதுவோ வந்து அடைத்துக்கொண்டது. மூச்சை உள்ளே இழுக்கவும் முடியவில்லை, வெளியே விடவும் முடியவில்லை. நார்ட்டன் முன்னால் இறங்கிக்கொண்டிருக்கிறார், கூப்பிடக் குரல் இல்லை. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக, இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே அழுத்தி ஒரு தள்ளுத் தள்ளினார். அடைத்திருந்தது வெளியே வந்தது. குளிரில் கருகிப்போன குரல்வளையின் உள்தோல் அது. அப்புறம் நெய்யூருக்கு வந்து பல வருஷம் நம் மக்களுக்கு வயிற்றுப்புண் ஆபரேஷன் செய்தார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், சோமர்வெல் விழித்திருந்தார். அவரால் இருமித் தள்ள முடிந்தது. நாங்கள் தசையைத் தளர்த்திப் படுக்கவைத்தவரால் இரும முடியாது. அவருக்கு எது நடந்தாலும் நாங்கள்தான் பார்த்தாக வேண்டும். அதனால்தான் முந்தின நாளே வந்து நிற்கிறோம்.

சரி, என்னென்ன பார்க்கிறோம்? நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வோம். "ஆ" என்று சத்தம் போடக் கூடாது. போட்டால் அண்ணம் மேலே தூக்கி, இல்லாத இடம் இருப்பதுபோல் காட்டிவிடும். உள்நாக்கு முழுசாகத் தெரிந்தால் நல்லது. மேல் அண்ணத்தின் கெட்டியான பகுதி மட்டும் தெரிந்தால் யோசிக்க வேண்டும். இதற்கு மல்லம்பட்டி சோதனை என்று பெயர். ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் வேலை பார்த்த டாக்டர் மல்லம்பட்டி 1985இல் எழுதியது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நீங்களே பார்க்கலாம்.

அடுத்து, உங்கள் விரலே மூன்று வாய்க்குள் நுழைகிறதா? பாக்கும் பான் மசாலாவும் வருஷக்கணக்கில் போடுபவர்களுக்கு நுழையாது, கன்னத்தின் உள்தோல் இறுகிப்போயிருக்கும். தாடை எலும்பின் நுனிக்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே, தலையை நிமிர்த்தி அளந்தால், ஆறரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சின்னத் தாடை என்றால் நாக்கை ஒதுக்க இடமில்லை. கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்கச் சொல்வோம். குழந்தைத்தனமாகத் தெரியும், ஆனால் நல்ல சோதனை. நெடுநாள் சர்க்கரை உள்ளவரைக் கை கூப்பச் சொல்வோம். உள்ளங்கைகள் ஒட்டாவிட்டால் கழுத்து மூட்டும் இறுகியிருக்கலாம். குறட்டை, கழுத்தில் கழலை, ஆடும் பல், அடர்ந்த தாடி எல்லாம் கணக்கில் சேரும்.

இவ்வளவும் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமா? தெரியாது. டென்மார்க்கில் 1,88,064 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2015இல் எழுதினார்கள். டியூப் வைப்பது கஷ்டமாகிப்போனவர்களில் நூற்றுக்கு 93 பேரை முன்கூட்டியே யாரும் சந்தேகப்படவில்லை. கஷ்டமாக இருக்கும் என்று குறித்து வைத்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் உண்மையில் கஷ்டமாக இருந்தது. அதனால் எல்லா அளவும் சரியாக இருந்தாலும் மாற்றுக் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

எந்த அளவையும்விட நான் பெரிதாக நம்புவது ஒன்று உண்டு. நான் அடிக்கடி சொல்வது, இங்கேயும் சொல்கிறேன்: போன தடவை மயக்கம் கொடுத்தபோது என்ன நடந்தது? போன தடவை கஷ்டப்பட்டிருந்தால் இந்தத் தடவையும் கஷ்டப்பட வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் நேரான பதில் கிடைப்பதில்லை.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டா வந்தார். முன்பு வேறொரு ஊரில் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. "மயக்கத்தில் ஏதாவது பிரச்சினை இருந்ததா பாட்டா?" என்று கேட்டேன். "ஒரு கொழப்பமும் இல்ல சாரே" என்றார். டிஸ்சார்ஜ் தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கிளம்பும் நேரத்தில் மகள் சொன்னார்: "அப்பாக்கு அன்னைக்கு முன்பல் ஒண்ணு போச்சு டாக்டர். ரெண்டு நாள் தொண்டை வலிச்சு, கஞ்சிகூட இறங்கல." எனக்கு அது போதும். பல் போனதென்றால் உள்ளே யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பாட்டாவின் வாயோ பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீடியோ லாரிங்கோஸ்கோப்பை முதலிலேயே எடுத்து வைத்தோம். அதில் பார்த்தும் குரல்வளையின் ஓரம் மட்டும்தான் தெரிந்தது, ஆனால் டியூப் போய்விட்டது. இப்போது அவர் சட்டைப் பையில் நான் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு இருக்கிறது: மூச்சுக்குழாய் கஷ்டம், இந்தக் கருவியால் முடிந்தது, தேதி.

அப்படி ஒரு சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஆபரேஷனாக இருந்தாலும், "டியூப் வைக்கக் கஷ்டமாக இருந்ததா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆதார் அட்டையோடு சேர்த்து வையுங்கள், ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போகச் செய்து, வளையும் கருவியால் டியூப் வைப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். முடியாது. ஒன்று மட்டும்: டாக்டர் அப்படிச் செய்யலாம் என்று சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். நீங்களே மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள், அதுதான் அதில் பாதுகாப்பு. சாப்பாட்டைப் பற்றியும் அரை நிமிடம். உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொல்லாதவரை, தண்ணீரும் கட்டன் சாயாவும் ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் சேர்த்த சாயா என்றால் ஆறு மணி நேரம். வணக்கம்.