ஊரா, தோழியா? இன்னும் தீராத ஒரு வழக்கு

[திரையில்: மஞ்சள் வெயில் படிந்த கடற்கரை ஊர், குன்றின்மேல் கலங்கரை விளக்கம்]

ஓர் ஊரையே அழியவிட்டுத் தோழியைக் காப்பாற்றுவீர்களா, தோழியைச் சாகவிட்டு ஊரைக் காப்பாற்றுவீர்களா? லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் என்ற வீடியோ கேம் இந்தக் கேள்வியில் போய் நிற்கிறது. 2015 அக்டோபரில் அதன் ஐந்தாவது, கடைசி எபிசோட் வெளிவந்தது. விளையாடியவர்கள் அன்று தொடங்கிய சண்டையை இன்னும் முடிக்கவில்லை. முடிவு தெரியாமல் விளையாட விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆர்கேடியா பே என்ற கற்பனை ஊர். அங்கே புகைப்படக் கலை படிக்க வரும் பதினெட்டு வயது மேக்ஸ், பள்ளிக் கழிப்பறையில் நீலத் தலைமுடிக்காரி ஒருத்தி சுடப்படுவதைப் பார்க்கிறாள். பதறிக் கையை நீட்டுகிறாள். காலம் பின்னோக்கி ஓடுகிறது. காப்பாற்றப்பட்டவள் மேக்ஸின் பழைய தோழி குளோயி. உருவாக்கியது டான்ட்நாட் என்ற பிரெஞ்சு நிறுவனம். 2016இல் சிறந்த கதைக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது.

ஒவ்வொரு எபிசோட் முடிந்ததும் எந்த முடிவை எத்தனை சதவீதம் பேர் எடுத்தார்கள் என்ற பட்டியல் திரையில் வரும். தனியாக அறையில் உட்கார்ந்து விளையாடினாலும் ஊரார் என்ன செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். கருத்து மோதலுக்கு விறகு அடுக்கித் தந்ததே அந்தப் பட்டியல்தான்.

[திரையில்: மழை, விடுதிக் கூரையின் விளிம்பில் ஒரு மாணவி]

என் கணக்கில் இந்த விளையாட்டின் உச்சம் கடைசிக் காட்சி அல்ல. இரண்டாவது எபிசோடில் வரும் கேட் மார்ஷின் காட்சிதான். பக்தியுள்ள, அமைதியான பெண். அவளுக்குத் தெரியாமல் எடுத்த ஒரு வீடியோவைப் பரப்பிப் பள்ளியே கேலி செய்கிறது. அவள் கூரை விளிம்பில் நிற்கும்போது மேக்ஸின் சக்தி தீர்ந்துபோயிருக்கிறது. பின்னோக்கிப் போக வழியில்லை. அதுவரை எதையாவது சொல்லிப் பார்த்து, சரிவராவிட்டால் காலத்தைத் திருப்பி வேறொன்றைச் சொல்லிப் பழகியவர்களுக்கு அது பேரிடி. அவள் போன் செய்தபோது எடுத்தீர்களா? காவலாளி அவளை மிரட்டியபோது குறுக்கே போனீர்களா, ஓரமாக நின்று புகைப்படம் எடுத்தீர்களா? அவள் அறையில் கிடந்தவற்றைக் கவனித்திருந்தால், அப்பாவையும் தங்கைகளையும் பற்றிப் பேச வேண்டும், அம்மாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது புரிந்திருக்கும். அவளை இழந்தவர்கள் பலர் ஆட்டத்தை மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். மேக்ஸால் முடியாததை அவர்கள் செய்துகொண்டார்கள்!

குறைகளும் உண்டு. பெரியவர்கள் எழுதிய பதின்வயதுப் பேச்சு பல இடங்களில் செயற்கையாக ஒலிக்கிறது என்பது பரவலான புகார். உதட்டசைவு வசனத்தோடு ஒட்டவில்லை என்றார்கள். 2022இல் வந்த மெருகேற்றிய பதிப்பு முக அசைவுகளைத் திருத்தியது. பேச்சு அப்படியேதான் இருக்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். மேக்ஸ் காலத்தைத் திருப்பியதன் விளைவாக ஒரு பெரும் சூறாவளி ஊரை அழிக்க வருகிறது. கழிப்பறையில் அவள் எடுத்த ஒரு புகைப்படத்தின் வழியாக அந்தக் கணத்துக்கே திரும்பிப் போய், குளோயியைச் சாகவிட்டால்தான் ஊர் தப்பும். ஊர் பக்கம் நிற்பவர்களின் வாதம் எளிது: குளோயியே அந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்து, திரும்பிப் போ என்கிறாள். உணவகத்தில் வேலை செய்யும் தன் அம்மா சாகக் கூடாது என்கிறாள். அவள் விருப்பத்தை மீற மேக்ஸ் யார்?

எதிர்த்தரப்பின் வாதம் எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. காலம் திரும்பினால் அந்த ஒரு வாரமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். மேக்ஸ் ஊருக்குத் திரும்பி வந்ததுகூடத் தெரியாமல், தோழி தன்னை மறந்துவிட்டாள் என்ற நினைப்போடு குளோயி கழிப்பறைத் தரையில் சாவாள். இதைத் தியாகம் என்று அழைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து திட்டுவது ஒன்றைத்தான். ஊரைக் காப்பாற்றினால் பிரியாவிடை, இறுதிச் சடங்கு, சவப்பெட்டிமேல் வந்து அமரும் நீல வண்ணத்துப்பூச்சி என விரிவான முடிவு. குளோயியைக் காப்பாற்றினால் இடிபாடுகளுக்கு நடுவே இருவரும் பிக்அப் வண்டியில் போகும் ஒரு குறுங்காட்சி மட்டும். யார் பிழைத்தார்கள் என்பதுகூடச் சொல்லப்படுவதில்லை. அதைவிடக் கொடுமை, குளோயியைக் காதலித்தவர்களுக்குக் கிடைத்தது. அவர்களின் முத்தம் அவள் சாகப்போகும் முடிவில்தான் வருகிறது. உயிரோடு இருந்தால் தோளில் ஒரு கை மட்டும். எழுதியவர்கள் தராசின் ஒரு தட்டை விரலால் அழுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டை என்னால் மறுக்க முடியவில்லை. நமது தேர்வுகளுக்கு மதிப்பே இல்லை என்ற புகாரை மட்டும் நான் பாதிதான் ஏற்கிறேன். கடைசிப் பொத்தான் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் கேட் மார்ஷுக்காகப் பட்ட பதற்றத்தை எந்தப் பொத்தானாலும் துடைக்க முடியவில்லையே.

[திரையில்: பனி மூடிய பல்கலைக்கழக வளாகம்]

2024 அக்டோபரில் டெக் நைன் என்ற நிறுவனம் உருவாக்கிய டபுள் எக்ஸ்போஷர் என்ற தொடர்ச்சி விளையாட்டு வந்தது. மேக்ஸ் இப்போது வளர்ந்த பெண். வெர்மான்ட் மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். பழைய முடிவுகளில் எதை எடுத்தீர்கள் என்று தொடக்கத்திலேயே கேட்கிறார்கள். குளோயி பிழைத்தாள் என்று சொன்னால், அவளும் மேக்ஸும் முன்பே பிரிந்துவிட்டதாகக் கதை போகிறது. ஓர் ஊரையே விலையாகக் கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். இளவயதில் சேர்ந்தவர்கள் பிரிவது உலகில் நடக்காததல்ல. ஆனால் அந்தப் பிரிவு திரைக்குப் பின்னால் முடிந்துவிட்டது. அதில் அவர்கள் தேர்ந்தெடுக்க எதுவுமே வைக்கப்படவில்லை.