எந்த ஆயுதம் அதிகச் சேதம் செய்யும்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

பலர் கூடி ஆடும் இணையப் போர் விளையாட்டுகளில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆயுதம் அதிகச் சேதம் செய்யும்?" என்பதுதான். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட்டை வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன். ரூன்ஸ்கேப் 2007 ஆகஸ்டில் எப்படி இருந்ததோ, அந்த வடிவத்தை எடுத்து, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனம் 2013-இல் மீண்டும் வெளியிட்டது. எனக்கு இந்த விளையாட்டின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. காரணம், இதன் போர்க்கணக்கு.

முதலில், ஓர் ஆயுதத்தைக் கையில் ஏந்தவே தகுதி வேண்டும். எஃகு வாளுக்குத் தாக்குதல் திறன் 5 வேண்டும். விளையாட்டில் அதைவிட உயர்ந்த வகைகளான மித்ரிலுக்கு 20, அடமன்டுக்கு 30, ரூனுக்கு 40, டிராகன் ஆயுதங்களுக்கு 60. ரூன் வாளைச் சந்தையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 40-ஐ எட்டும்வரை கையில் ஏந்த முடியாது.

அடியின் பலத்தைத் தீர்மானிப்பதோ வேறொரு திறன். அதன் பெயர் வலிமை. நம் தாக்குதல் திறனையும் எதிரியின் தற்காப்பையும் மோதவிட்டு, அடி படுமா தவறுமா என்று விளையாட்டு முதலில் பார்க்கிறது. பட்டால்தான் வலிமைக்கு வேலை. நம் வலிமையும் ஆயுதத்தின் வலிமைப் புள்ளியும் சேர்ந்து ஓர் உச்ச அளவைத் தரும். அதற்குள் ஏதோ ஓர் எண் சேதமாக விழும்.

மூன்றாவதாக வேகம். புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வலிமை 40 உள்ள ஒருவர், வேறு எந்தப் பொருளும் அணியாமல், வலிமையைக் கூட்டும் தாக்குமுறையில் ரூன் இருகை வாளை வீசினால் உச்ச அடி 11. ரூன் சிமிட்டார் என்னும் வளைவாளில் அது 9 மட்டுமே. இருகை வாள்தான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் அது ஒருமுறை வீச 4.2 விநாடி எடுத்துக்கொள்கிறது, சிமிட்டாருக்கு 2.4 விநாடி போதும். ஒரு நிமிடத்தில் அது 14 வீச்சு, இது 25. இருகை வாள் சற்றுக் குறிதவறாதது என்பதையும் சேர்த்துப் பார்த்தாலும் நீண்ட சண்டையில் சிமிட்டாரே முந்துகிறது. ஒரே அடியில் எதிரியை முடிக்க வேண்டிய கடைசிக் கணத்துக்கு மட்டும் இருகை வாளை எடுப்பது நல்லது.

ஏந்தும் தகுதியையும் அடியின் பலத்தையும் இப்படித் தனித்தனியாக வைத்ததால் ஒரு தந்திரமே பிறந்தது. வைல்டர்னஸ் என்னும் காட்டுப் பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கலாம். ஆனால் இருவரின் போர்நிலை, அதாவது சண்டைத் திறன்களை வைத்துக் கணக்கிடும் எண், ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். தற்காப்பு கூடினாலும் போர்நிலை ஏறும். ஆகவே சிலர் தற்காப்பை 1-லேயே நிறுத்திவிட்டு, ஆயுதத்தை ஏந்தத் தேவையான தாக்குதல் திறனையும் வலிமையையும் வளர்க்கிறார்கள். இவர்களுக்கு 'ப்யூர்' என்று பெயர். எஃகுக் கவசம்கூட அணிய முடியாத இவர்கள், தம் போர்நிலைக்குப் பொருந்தாத பெரிய அடிகளைக் கொடுப்பார்கள். இதை ஏமாற்று என்று சொல்பவர்களுடன் நான் உடன்படுவதில்லை. ஒவ்வோர் அடியையும் வெறும் உடம்பில் வாங்கத் துணிந்துதான் இவர்கள் களத்துக்கு வருகிறார்கள்.

அந்தக் காட்டில் நுழைந்ததும் எதிரில் வருபவரின் போர்நிலை எண்ணோடு உடையையும் பாருங்கள். உடம்பில் கவசமில்லை, கையில் டிராகன் குறுவாள் என்றால், சிறப்புத் தாக்குதலில் அடுத்தடுத்து இரண்டு குத்து விழும். உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே இறங்கும்வரை காத்திராமல் உடனே உணவை உண்டுவிடுங்கள்.