கடைசியாகச் சாப்பிட்டதுதான் குற்றவாளியா?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காலை வேளையில் வாயு, பேதி, மலச்சிக்கல் என்று பேசப்போகிறேன். இட்லித் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துப் பேசினால் யாருக்கும் பயன்படாது.

நான் உணவு ஆலோசகர். குடல் மருத்துவர்கள் பார்த்து, 'ஐ.பி.எஸ்.', அதாவது 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' என்ற குடல் தொந்தரவு, என்று எழுதி அனுப்பிவைக்கும் நோயாளிகள் என் மேஜைக்கு வருவார்கள். கையில் தடியான ஃபைல் ஒன்று இருக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சிலருக்கு கொலனோஸ்கோபி. எல்லாவற்றிலும் 'நார்மல்'. "எல்லாமே நார்மல்னா எனக்கு ஏன் மேடம் வயிறு இப்படிப் பண்ணுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஐ.பி.எஸ். என்பது இதுதான்: குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. ஆனால் அதன் அசைவும் உணர்ச்சியும் தாறுமாறாக இருக்கின்றன. தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலியோடு மலம் போகும் தடவையோ தன்மையோ மாற வேண்டும். இப்படித்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். 1973-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வில், குடலின் கடைசிப் பகுதியில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் வலியில்லாமல் தாங்கிய அதே அளவு, இந்தத் தொந்தரவு உள்ளவர்களில் பலருக்கு வலித்தது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்கிறவர்கள் இதை மட்டுமாவது காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே ஒரு தடைப் பட்டியலோடு வருவார்கள். கத்தரிக்காய் கிடையாது, முட்டை கிடையாது, கடலை, புளி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "சாப்பிட்டேன், அரை மணி நேரத்துல போயிடுச்சு" என்பார்கள். இந்த அரை மணி நேரக் கணக்கில்தான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள்.

வாயில் போட்ட கவளம் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை எட்ட, ஆளைப் பொறுத்து, நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் இரைப்பையில் உணவு விழுந்த சில நிமிடங்களிலேயே பெருங்குடல் சுருங்கத் தொடங்கிவிடும். உள்ளே புதிது வருகிறது, பழையதைத் தள்ளு என்று உடம்பே வைத்திருக்கும் ஏற்பாடு இது. எல்லோருக்கும் உண்டு, கைக்குழந்தைகள் பால் குடித்ததும் மலம் கழிப்பது இதனால்தான். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இந்தத் தள்ளல் அளவுக்கு மீறி நடக்கும். ஆகவே காலைச் சிற்றுண்டி முடிந்ததும் ஓடுகிறீர்கள் என்றால், வெளியே போவது காலைச் சிற்றுண்டி இல்லை. அனேகமாக நேற்று மதியமோ இரவோ சாப்பிட்டது. அந்த நேரத்தில் தட்டில் இருந்த பாவத்துக்குக் கத்தரிக்காய் மாட்டிக்கொள்கிறது.

பேருந்து நடத்துநர் ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். விடிகாலை வண்டி. பேருந்து நிலையத்தில் டீ குடித்ததும் வயிறு கடமுடா என்று கலங்கும், வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வியர்த்துக் கொட்டும். டீதான் காரணம் என்று டீயை விட்டார். பாலை விட்டார். பிறகு காலையில் எதையுமே வாயில் வைப்பதில்லை என்று ஆக்கிக்கொண்டார். அப்போதும் முழுதாக நிற்கவில்லை. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். அவர் தன் டிக்கெட் கணக்குப் போலவே எழுதிக்கொண்டு வந்தார்: மணி, ஊர், என்ன, எவ்வளவு. அதில் இரண்டு விஷயம் தெரிந்தது. இரவு டியூட்டி முடித்து, பத்தரை மணிக்குக் கடையில் பரோட்டாவும் வெங்காயம் நிறைந்த சால்னாவும் சாப்பிட்ட நாட்களுக்கு மறுநாள் காலைதான் மோசம். இன்னொன்று, அதே பரோட்டாவை வார விடுமுறைக்கு முந்தின இரவு சாப்பிட்டால் மறுநாள் லேசான உப்புசத்தோடு போய்விடுகிறது. வீட்டில் கழிப்பறை பத்தடி தூரத்தில் இருக்கிறது, வண்டியில் இல்லை. அந்த வித்தியாசம்தான்.

அவருக்கு உணவு காரணமா, பயம் காரணமா? இரண்டும்தான். உணவு வயிற்றை நிரப்பி வைக்கிறது, பயம் விசையை அழுத்துகிறது. டீ வெறும் சாட்சி.

சரி, உணவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் 2005-ஐ ஒட்டி ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சில வகை மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் கீழே போகின்றன, தண்ணீரை இழுக்கின்றன, பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா அவற்றை நொதிக்க வைத்து வாயு உண்டாக்குகிறது. இவற்றுக்கு மொத்தமாக 'ஃபாட்மேப்' என்று பெயர் வைத்தார்கள். எல்லோர் வயிற்றிலும் இது நடக்கிறது. உணர்ச்சி கூடிய குடலுக்குத்தான் அது வலி.

நம் சமையலறையில் இவை எங்கே இருக்கின்றன? முதல் இடம் வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா. இவற்றில் இருப்பது ஃப்ரக்டான். அடுத்தது பருப்பு, சுண்டல், ராஜ்மா. அப்புறம் பாலில் உள்ள லாக்டோஸ். ஆப்பிள், பேரிக்காயில் இருப்பவை வேறு வகை. காலிஃபிளவர், காளான், 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் சூயிங்கம் ஆகியவற்றில் இருப்பவை இன்னொரு வகை. அரிசி இந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு அது பெரிய ஆறுதல்.

எனக்குப் பெரிய தலைவலி பூண்டுதான். வாயுவுக்குப் பூண்டு நல்லது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். வயிறு உப்பியது என்றால் பூண்டுப் பால் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். ஐ.பி.எஸ். இருக்கும் ஒருவருக்கு, அதிலும் பால் சேராதவர் என்றால், ஃப்ரக்டானையும் லாக்டோஸையும் ஒரே தம்ளரில் கலந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது மற்றவர்களுக்குப் பரவாயில்லை, இவர்களுக்கு வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். "சாம்பார்ல வெங்காயத்தை ஒதுக்கி வச்சுட்டுதான் மேடம் சாப்பிடுறேன்" என்பார்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். வெங்காயம் வெந்த சாம்பாரில் அது ஏற்கெனவே இறங்கிவிட்டது. துண்டை ஒதுக்கி என்ன லாபம்? ஆனால் அது எண்ணெயில் கரையாது. அதனால் இரண்டு பூண்டுப் பல்லை நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, பல்லை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் ரசத்தைத் தாளித்தால் மணம் வரும், தொந்தரவு வராது. தண்ணீர் சேர்ப்பதற்கு முன்னால் பல்லை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி இவையெல்லாம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரை ஓரளவு குறையும். பால் சேராத பலருக்குத் தயிரும் மோரும் சேரும்.

அளவை மறந்துவிடக் கூடாது. இரண்டு கரண்டி பருப்பு ஒன்றும் செய்யாது. அதே வேளையில் வெங்காய சாம்பார், காலிஃபிளவர் பொரியல், பால் பாயசம் எல்லாம் சேர்ந்தால் கணக்கு ஏறிவிடும். கல்யாண வீட்டில் பாயசத்தை மட்டும் திட்டிவிட்டு வருவது இதனால்தான் தவறு.

மிளகாயும் காபியும் ஃபாட்மேப் அல்ல, ஆனாலும் வேலையைக் காட்டும். மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஏற்பி நாக்கில் மட்டுமல்ல, குடல் நரம்புகளிலும் இருக்கிறது. காபி சிலருக்குச் சில நிமிடங்களில் பெருங்குடலைக் கிளப்பிவிடும். வெறும் வயிற்றில் இன்னும் சுறுசுறுப்பாக.

இப்போது மனசு. 1940-களில் அமெரிக்காவில் தாமஸ் ஆல்மி என்ற மருத்துவர், தன்னார்வலராக வந்த மருத்துவ மாணவர் ஒருவரின் குடலைக் கருவி வழியே பார்த்துக்கொண்டே, அதில் புற்றுநோய் இருப்பது போல ஒரு நாடகம் நடத்தினார். மாணவரின் குடல் இறுகிச் சுருங்கியது. பொய் என்று சொன்னதும் தளர்ந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் பயம் குடலுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரியாது.

2016-ல் மோனாஷ் குழுவே ஓர் ஆய்வு செய்தது. ஒரு பிரிவினருக்கு ஃபாட்மேப் குறைத்த உணவு. இன்னொரு பிரிவினருக்கு உணவில் மாற்றமே இல்லை, குடலை அமைதிப்படுத்தும் ஹிப்னாடிசச் சிகிச்சை மட்டும். இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முன்னேற்றம். அதனால், உணவில் எதுவும் பிடிபடாவிட்டால் பட்டியலை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். தூக்கம், வேலை நேரம், வீட்டுச் சண்டை, கழிப்பறை இல்லாத இடத்தைப் பற்றிய பயம் ஆகியவற்றின் பக்கம் திரும்புங்கள். நடத்துநருக்கு நான் செய்த பாதி வேலை சாப்பாட்டைப் பற்றியதே அல்ல. அவர் வழித்தடத்தில் எந்தெந்த நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னேன். தெரிந்து வைத்த பிறகு அவற்றில் பாதியை அவர் பயன்படுத்தவே இல்லை.

எது ஆகவில்லை என்று நீங்களே நோட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க ஆரம்பிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, காய்ச்சல், ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் அமீபா தொற்றும் ஐ.பி.எஸ். வேஷத்தில் வரும். அப்புறம், ரத்தத்தை எடுத்து 'உங்களுக்கு இந்த நூறு உணவு ஒத்துக்காது' என்று அச்சடித்துத் தருகிற ஐ.ஜி.ஜி. பரிசோதனை. அது நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைக் காட்டுமே தவிர, எது ஒத்துக்கொள்ளாது என்பதைக் காட்டாது. காசு தண்டம்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்? மணி, உணவு, அளவு. முந்தின இரவுத் தூக்கம். அன்றைய மன அழுத்தத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண். வலி, உப்புசம் எப்போது வந்தது. மலம் கெட்டியா, தளர்வா, தண்ணீரா. பெண்கள் மாதவிலக்கு நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு அந்த நாட்களில் தொந்தரவு கூடும், பழி அன்றைய குழம்பின் மேல் விழும். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். மாற்ற ஆரம்பித்துவிட்டு எழுதினால் ஒன்றும் புரியாது.

பிறகு சந்தேகத்துக்கு உரிய வகைகளை நாலு வாரம், போனால் ஆறு வாரம் குறைத்துப் பாருங்கள். இதை ஓர் உணவு ஆலோசகரின் துணையோடு செய்வது நல்லது. கர்ப்பிணிகளும் ஏற்கெனவே மெலிந்திருப்பவர்களும் குழந்தைகளும் தனியாகச் செய்யவே கூடாது. ஆறு வாரத்தில் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் உங்களுக்கு இது பொருந்தவில்லை, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

வித்தியாசம் தெரிந்தால்தான் முக்கியமான கட்டம் வருகிறது, பலரும் கோட்டை விடுவதும் இங்கேதான். 'நல்லாயிருக்கே, இப்படியே இருந்துவிடலாம்' என்று வருஷக்கணக்கில் வெங்காயம், பருப்பு, பால் எதுவும் இல்லாமல் ஓட்டுகிறார்கள். குடலில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவுக்கும் அதுதான் தீனி. அதனால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பாலை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் கால் தம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒரு தம்ளர். அந்த மூன்று நாளும் வேறு எதையும் மாற்றக் கூடாது. தொந்தரவு வந்தால் நிறுத்தி, வயிறு அடங்கும்வரை இரண்டு மூன்று நாள் விட்டு, அடுத்த வகைக்குப் போங்கள். வெங்காயத்தைத் தனியாக, பூண்டைத் தனியாக, கோதுமையைத் தனியாக. சப்பாத்தியும் வெங்காயக் குருமாவும் ஒரே நாளில் போட்டால் எது என்று தெரியாது.

2018-ல் நார்வேயில் வந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் தங்களுக்கு ஆகாது என்று நம்பியிருந்த 59 பேருக்கு, என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமல் மூன்று விதத் தானியக் கட்டிகளைக் கொடுத்தார்கள். அதிகத் தொந்தரவு தந்தது குளூட்டன் கலந்தது அல்ல, ஃப்ரக்டான் கலந்தது. சந்தேகம் வலுவாக இருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. முடிந்தால் ஒரு நாள் எது சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் வீட்டில் யாரையாவது சமைக்கச் சொல்லுங்கள்.

திருவிழா, பரீட்சை, வீடு மாறுவது, கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் ஆகியவற்றில் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டாம். சாதாரணமான ஒரு வாரமாகப் பார்த்து, நீங்கள் விட்டுவிட்டவற்றில் எதற்கு மிகவும் ஏங்குகிறீர்களோ அதை முதலில் திரும்பச் சேர்த்து ஆரம்பியுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.