முழுக வார்க்கும் முன்

வணக்கம் நேயர்களே.

பன்னிரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாள் என்று ஐக்கிய நாடுகள் சபை 1999இல் அறிவித்தது. அதையொட்டித்தான் இந்த அழைப்பு. அந்த நாளின் வரலாற்றை எனக்குப் பின் பேச வருகிறவர் சொல்லுவார். நான் முப்பத்தொரு வருடம் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தவை வார்டும் கட்டிலும், கட்டிலருகே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் தாய்மாரும்தான். ஆகவே ஒரு சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையும் வயதையும் மாற்றித்தான் சொல்வேன். வன்புணர்வால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டி வெளியிடுவது நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

பதினான்கு வயதுப் பிள்ளை. நடந்தது நடந்து மூன்றாம் நாள் காலையில் தாய் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, நெற்றியில் திருநீறும் பூசியிருந்தார். என்னிடம் ஒரு சொப்பிங் பையை நீட்டினார். “பொலிஸார் உடுப்பைக் கேட்பார்களாம் மிஸ்ஸி, அதுதான் கொண்டுவந்தேன்” என்றார். பையைத் திறந்தேன். சவர்க்கார வாசம் அடித்தது. சட்டையைத் தோய்த்து, காயவைத்து, மினுக்கி, நாலாக மடித்திருந்தார். மேலிருந்து மூன்றாவது தெறி மட்டும் புதிது. மற்றவை பால் வெள்ளை. இது சற்றே மஞ்சள் கலந்தது. தைத்த நூலும் வேறு. பிய்ந்துபோன தெறிக்குப் பதிலாகப் பழைய தகரப் பேணிக்குள் தேடி ஒன்றை எடுத்துத் தைத்திருக்கிறார்.

நான் ஏன் பேசாமல் நிற்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. “ஊத்தையோடு எப்படி மிஸ்ஸி ஆட்களுக்கு முன்னால் கொண்டுவருவது?” என்றார்.

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். நமது ஊரில் எதற்கும் முதல் மருந்து கிணற்றடிதான். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுக்கு. துடக்குக் கழிய முழுக்கு. அம்மாள் வருத்தம் இறங்கினால் வேப்பிலைத் தண்ணீரில் முழுக்கு. அந்த இரவு அவர் வாளி வாளியாக அள்ளி ஊற்றியபோது பிள்ளையைத் தேற்றுவதாகத்தான் நினைத்தார். ஆனால் அந்தத் தண்ணீரோடு, செய்தவனை இன்னான் என்று காட்டக்கூடிய எல்லாம் வாழைப்பாத்திக்குப் போய்விட்டது. அவனுடைய மயிர், அவனுடைய விந்து, பிள்ளை பிறாண்டியபோது நகத்துக்குள் ஏறிய அவனுடைய தோல், எல்லாம்தான். பிய்ந்த தெறி ஒன்றே போதும், பிள்ளை இழுபட்டாள் என்று சொல்வதற்கு. அதையும் தாயின் ஊசி மூடிவிட்டது.

முழுக வார்க்காதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான். மிச்சமெல்லாம் இதற்குத் துணை.

பிள்ளை குளிக்கவேண்டும் என்று அழும். தன் உடம்பே தனக்கு அருவருப்பாக இருக்கும். அணைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லுங்கள். உடுத்த உடுப்போடு கூட்டிவாருங்கள். மாற்றிவிட்டால், மாற்றியதைத் தோய்க்காமல் கடதாசிப் பையிலோ பழைய பத்திரிகையிலோ சுற்றி எடுத்துவாருங்கள். சொப்பிங் பை வேண்டாம். ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடித்துவிடும். பொலிஸுக்கா ஆஸ்பத்திரிக்கா முதலில் போவது என்று வாசலில் நின்று வாதாடவும் வேண்டாம். நேரே பெரிய வைத்தியசாலைக்கு வரலாம். அங்கிருந்து பொலிஸுக்கு அறிவிப்பார்கள், படிவம் வரும், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். அவரும் சம்மதம் கேட்டுத்தான் தொடவேண்டும்.

ஏற்கெனவே முழுக வார்த்துவிட்டீர்களா? அப்போதும் வாருங்கள். காயம் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று திண்ணையில் இருந்து சட்டம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். தண்டனைச் சட்டக்கோவைக்கு வந்த 1995ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், சம்மதம் இல்லாததைக் காட்ட உடலில் காயம் இருந்தாகவேண்டியதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது.

வைத்தியசாலைக்கு வருவது வழக்குக்காக மட்டும் அல்ல. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரை இருக்கிறது. முந்திக் கொடுத்தால்தான் பலன். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். நமது நாட்டில் தாயின் உயிரைக் காப்பதற்கல்லாமல் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தரவில்லை. வன்புணர்வால் வந்த கருவாக இருந்தாலும் அதே சட்டம்தான். 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவை அது. ஆகவே நீங்கள் “வெளியில் தெரிந்தால் என்ன ஆகும்” என்று வீட்டுக்குள் யோசித்துக் கழிக்கும் மூன்று நாட்கள், ஒரு பள்ளிப் பிள்ளையின் ஒன்பது மாதமாக மாறலாம்.

வெளியில் தெரிவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோபிக்காதீர்கள். அதே பிள்ளை பெரியபிள்ளையானதற்கு இரண்டு வருடத்துக்கு முன் சாமத்தியவீடு நடந்திருக்கும். மண்டபம் எடுத்து, மாமிமார் ஆலாத்தி எடுத்து, வீடியோக்காரன் கதிரைமேல் ஏறி நின்று படம் பிடித்திருப்பான். லண்டனுக்கும் கனடாவுக்கும் அல்பம் போயிருக்கும். அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றிய செய்தியை அன்றைக்கு ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சொன்னவர்கள் நாங்கள். அதே உடம்புக்கு ஒருவன் தீங்கு செய்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி, யன்னலைச் சாத்திக்கொள்கிறோம். வாயிலும் சொல் மாறிவிடுகிறது. பால் கெட்டுப்போகும், கறி கெட்டுப்போகும். அந்த வரிசையில் பிள்ளையையும் வைத்து “கெட்டுப்போனாள்” என்கிறோம். செய்தவனைப் பற்றி ஒரு வினைச்சொல்லும் கிடையாது.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. இரவுக் கடமை. ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் நான் கேட்ட முதல் கேள்வி: “அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?” பதிவேட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை. நானாகத்தான் கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். விடியும்வரை ஒருவரிடமும் ஒரு சொல் பேசவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. காலையில் நான் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன், மாலையில் வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

நாங்கள் கொதிக்கத் தெரியாத சனமும் அல்ல. 1996 செப்ரெம்பரில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த மாணவி யாழ்ப்பாணத்துச் செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. அந்த வன்புணர்வுக்கும் கொலைகளுக்கும் 1998இல் படையினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். செம்மணி வெளியைக் கடக்கும்போது என் வயதுப் பெண்கள் இன்றைக்கும் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன பிள்ளை கொல்லப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாடே கடையடைத்துத் தெருவுக்கு இறங்கியது. 2017 செப்ரெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஏழு பேரும் சீருடை போட்டவர்கள் அல்லர். எங்கள் மொழி பேசுகிறவர்கள்.

அந்த இரண்டுக்கும் ஊர் எழும்பியது. வார்டுக்கு வந்த மற்றப் பிள்ளைகளுக்கு எழும்பவில்லை. ஏனென்றால் நான் பார்த்த அளவில், செய்தவன் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவன். சித்தப்பா. பக்கத்து வளவு அண்ணா. ரியூஷன் மாஸ்டர். ஆமிக்காரன் செய்தால் அது இனத்தின் பிரச்சினை. மாமன் செய்தால் குடும்பத்தின் பிரச்சினை என்று கணக்கு. 2019ஆம் ஆண்டு அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் பெண்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், ஏறக்குறைய நான்கில் ஒருவர் பதினைந்து வயதுக்குப் பின் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். உங்கள் கோயில் திருவிழாவில் வடம் பிடிக்கும் பெண்களை ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

பிறகு பெரியவர்கள் கூடுவார்கள். அவனுக்கே கட்டிவைத்துவிட்டால் மானம் தப்பும் என்பார்கள். இது தீர்ப்பு அல்ல, அவனுக்குப் பரிசு. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை “ஓம்” என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது, வன்புணர்வுதான் என்று அதே 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன் அந்த எல்லை பன்னிரண்டு வயது! நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் பதினெட்டுக்கு முன் பதிவுத் திருமணமும் இல்லை. ஆகவே “அவளும் விரும்பித்தானே” என்று யாராவது தொடங்கினால், பிள்ளைக்கு என்ன வயது என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

1938 பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண். 1929 சிறுவர்களுக்கானது, காசு இல்லை. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் “நட்பு நிலையம்” என்று ஓர் அறை இருக்கிறது. வன்முறைக்கு உள்ளான பெண்கள் வந்து இருந்து பேசுவதற்கானது. வாசலில் நிற்கும் தாதியிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். வழக்குப் பேசக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். பேத்திக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். சேறு அப்பிய கால், கலைந்த தலை. அம்மம்மா தன் சேலையால் பிள்ளையைச் சுற்றிப் பிடித்திருந்தார். “நான் ஒன்றும் கேட்கவில்லை, குளிக்கவும் விடவில்லை, பிள்ளை. பிழையா?” என்று என்னிடம் கேட்டார். இல்லை அம்மா என்றேன். பரிசோதனை முடிய இரவு பத்து மணிக்கு மேலாகிவிட்டது. வார்டுக் குளியலறையில் நான் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கலந்து கொடுத்தேன். அம்மம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளாஸ்ரிக் வாளியிலிருந்து கோப்பையால் அள்ளி, பிள்ளையின் தலைக்கு மெதுவாக வார்த்தார்.