முதியோரின் அறுவை சிகிச்சையும் மூளை அலைகள் தரும் முன்னறிவிப்பும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

இடுப்பெலும்பு முறிவுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவர், மயக்கம் தெளிந்ததும் பிள்ளைகளை அடையாளம் கண்டு நன்றாகவே பேசியிருப்பார். மறுநாள் இரவிலோ, தாம் இருக்கும் இடம் தெரியாமல், கையில் மருந்து ஏறும் குழாயைப் பிடுங்கி எறிவார். என்றோ இறந்துபோன அண்ணனைப் பெயர் சொல்லி அழைப்பார். டெலிரியம் எனப்படும் இந்தத் திடீர் மனக்குழப்பம், 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சைகளுக்குப் பின் அடிக்கடி நேரும் சிக்கல்களுள் ஒன்று. பலருக்கு இது சில நாட்களில் தெளிந்துவிடும். ஆயினும், இதற்கு ஆளானவர்கள் மருத்துவமனையில் கூடுதல் நாட்கள் தங்க நேர்கிறது. பிற்காலத்தில் மறதிநோய் வருவதும் அவர்களிடையே அதிகமாகக் காணப்படுகிறது. கூச்சலிடுபவரை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். கண்களை மூடிக்கொண்டு, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஒடுங்கிக் கிடப்பவரை, அசதியில் உறங்குகிறார் என்று விட்டுவிடுகிறோம். அவருக்கும் இதே நோய் இருக்கக்கூடும் என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது.

யாருக்கு இது வரும் என்று முன்கூட்டியே அறிய மூளை அலைப்பதிவு உதவுமா என்பதே இன்றைய உரையின் பொருள். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் அதை வெளியிட்டார். விழித்த நிலையில் கண்களை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில், நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 13 முறை துடிக்கும் ஆல்ஃபா அலை தெளிவாகத் தெரியும். மனக்குழப்பம் வந்தவரிடம் இந்த அலை மங்கி, நொடிக்கு நான்குக்கும் குறைவாகத் துடிக்கும் டெல்டா அலை உள்ளிட்ட மெதுவான அலைகள் மேலோங்குகின்றன. ரோமானோ, எங்கல் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் 1940-களிலேயே இதை எடுத்துக்காட்டினார்கள்.

இப்போது அறுவை அரங்கில், நெற்றியில் ஒட்டும் ஒரு பட்டையின் வழியாகவே இந்த அலைகளைத் திரையில் காண முடிகிறது. புரோபோஃபால் போன்ற மயக்க மருந்து செலுத்தப்பட்டதும் இளையவரின் நெற்றிப்பகுதியில் ஆல்ஃபா அலை வலுவாக எழும். வயது ஏற ஏற அது தளரும். சிலரிடம் அந்த வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடவும் அது மெலிந்திருக்கும். வேறு சிலரிடம், சிறிதளவு மருந்துக்கே திரையில் ஓடும் கோடு சில நொடிகள் தட்டையாகி, திடீரென ஒரு கொத்து அலைகள் எழுந்து, மீண்டும் தட்டையாகிவிடும். இவ்விரண்டில் எது காணப்பட்டாலும் அவர்களுக்குப் பின்னர் மனக்குழப்பம் வரும் வாய்ப்பு அதிகம் எனப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவி 0 முதல் 100 வரை ஓர் எண்ணையும் தருகிறது. 40-க்கும் 60-க்கும் இடைப்பட்டதை உரிய மயக்கநிலை என்று கொள்வது வழக்கம். நெற்றித் தசையின் அசைவுகூட அந்த எண்ணை மாற்றிவிடக்கூடும் என்பதால், முதியவர்களுக்கு மயக்கம் கொடுக்கும்போது எண்ணை மட்டும் நம்பாமல் அலையையே பார்த்துப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால், அலையைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் மனக்குழப்பத்தைத் தடுத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். ஹாங்காங்கில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அவ்வாறு செய்தபோது மனக்குழப்பம் குறைந்தது. ஆனால், அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில் அப்படிக் குறையவில்லை. கனடாவில் இதய அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வின் முடிவும் அதுவே. இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: தட்டையாகும் அலை, மருந்து மிகுந்துவிட்டது என்பதைக் காட்டுவதோடு, அந்த மூளை ஏற்கெனவே நலிந்திருக்கிறது என்பதையும் காட்டுகிறது. மருந்தைக் குறைத்துவிடுவதால் மட்டும் அந்த நலிவு நீங்கிவிடாது. மேலும் வலி, கிருமித்தொற்று, உறக்கமின்மை, நீரிழப்பு, சிலவகைத் தூக்க மருந்துகள் என மனக்குழப்பத்தைத் தூண்டும் காரணங்கள் பலவும் அரங்கைவிட்டு வெளியே வந்த பிறகே சேருகின்றன. அலை நன்றாக இருந்தவருக்கும் தொற்று ஏற்பட்டால் அறிவு தடுமாறலாம்.

ஆகவே, இந்த முன்னறிவிப்பின் பயன் பெரும்பாலும் அரங்குக்கு வெளியேதான் இருக்கிறது. மெலிந்த அலையைக் கண்ட மயக்கவியல் மருத்துவர் அதை வார்டுக்குச் செல்லும் குறிப்பில் எழுதிவிட்டால், அந்த நோயாளிக்கு மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் உடனே திரும்பக் கிடைக்கவும், இரவில் தேவையின்றி எழுப்பாதிருக்கவும், விரைவில் எழுந்து நடக்கவும், ஒவ்வொரு வேளையும் அவர் தெளிவாக இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கவும் செவிலியர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும். மருந்தில்லாத இத்தகைய பராமரிப்பினாலேயே கணிசமான பேருக்கு மனக்குழப்பம் வராமல் தடுக்க முடிகிறது. வீட்டாரும் அறுவை சிகிச்சைக்கு முன்பே, பெரியவருக்கு அண்மையில் மறதி கூடியிருக்கிறதா, தூக்க மாத்திரை போடுகிறாரா, முன்பு எப்போதாவது இப்படிக் குழம்பியிருக்கிறாரா என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். திரையில் தெரியும் அலையை இந்தத் தகவல்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

நன்றி, வணக்கம்.